ஆறாம் எண் இனி ஐந்து

கறுப்புத் திரை. அதில் ஒரே வரி:
அப்படி ஒரு பார்ட்டிஷன் இல்லை.
அடியில், மீட்பு என்ற சொல்லை ஒட்டி
கண் சிமிட்டும் ஒரு கோடு.
மீட்க வந்தது போலவே இல்லை.
கைகட்டி நின்று, நீயே சொல் என்கிறது.

தப்பு என்னுடையதுதான்.
சாயங்காலம், படங்களுக்கு இடம் போதவில்லையென்று
பெயரில்லாத ஒரு துண்டை அழித்தேன்.
எட்டு ஜிபி. யாருடையது என்று எழுதியிருக்கவில்லை.

ஒரே பெட்டிக்குள் இரண்டு குடித்தனம் எங்களுக்கு:
என் பாதி விண்டோஸ், ரஷ்ய மொழியில்,
கவுப்போவின் பாதி லினக்ஸ், எஸ்தோனிய மொழியில்.
கீபோர்டில் கட்டைக்கு இரண்டு எழுத்து.
பதினொரு வருடம், பெரிய சண்டை இல்லை.

காலை எட்டு மணிக்குள்
முப்பத்தாறு வீடுகளின் வெப்பக் கட்டணத்தை
வாசல் பலகையில் ஒட்டியாக வேண்டும்.
ஒட்டாவிட்டால் ஸ்தெபனீதா மேல்மாடியிலிருந்து
செருப்புக் காலோடு இறங்கி வருவாள்.
கணக்கு முழுவதும் உள்ளே.

துர்க்குவில் கப்பலுக்கு வெல்டிங் செய்கிறவனை
இரண்டரை மணிக்கு எழுப்பினேன்.
"ரிம்மா, எல், எஸ், என்டர். என்ன வருகிறது?"
"அடைப்புக்குறிக்குள் எண்கள்."
"ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்.
கிடைத்ததும் என்ன அடிப்பதென்று சொல்கிறேன், எழுதிக்கொள்."
எழுதி முடித்து நிமிர்ந்தபோது
ஸ்பீக்கரில் குறட்டை.

தட்டினேன்.
ஒன்று: தெரியாதது என்றது.
இரண்டு, என் சொந்த விண்டோஸ்: அதையும் தெரியாதது என்றது.
ஐந்தில் திறந்தது.
அவன் கோப்புறைகள், அவன் அடுக்கி வைத்த வரிசையிலேயே.

அப்போதுதான் புரிந்தது.
நான் அழித்தது ஐந்தாம் எண்.
ஆறு நகர்ந்து ஐந்தாகிவிட்டது.
வாசல் காப்பவனுக்கு யாரும் சொல்லவில்லை,
இல்லாத ஆறாம் கதவை
இராத்திரி முழுக்கத் தட்டிக்கொண்டிருக்கிறான்.

நான்கு வரிகள் அடித்தேன். ஒன்றில் எழுத்து பிசகி, மறுபடி.
கடைசி வரி ஒரே சொல்: நார்மல்.
என்டர்.
மெனு வந்தது, நீல நிறத்தில், ஒன்றுமே நடக்காதது போல.

கெட்டிலைப் பார்க்கத் திரும்பிய பத்து விநாடியில்
அதுவாக அவன் பக்கத்தைத் தேர்ந்துகொண்டது.
நான் அழித்த எட்டு ஜிபியை
ஒன்றரை நிமிடம் தேடிற்று.
கிடைக்கவில்லை. போகட்டும் என்று மேலே நடந்தது.
(கவுப்போவும் இப்படித்தான், தொலைந்த கையுறைக்கு.)

சரி, இங்கிருந்தே என் கணக்கைத் திறப்போம்.
திறந்தது. ஆனால் எழுத விடவில்லை.
காரணம் கேட்டேன், சொன்னது:
அந்தப் பக்கத்து ஆள் போகவில்லை,
அணைந்தது போலப் படுத்திருக்கிறான்,
எழுந்ததும் தொடர்வதற்கு எல்லாவற்றிலும் கைவைத்தபடி.

நாற்காலியில் அவன் ஸ்வெட்டர்.
கதவருகே பூட்ஸ், முனை வெளியே பார்த்து.
பதினான்கு நாள் அங்கே, மூன்று நாள் இங்கே.
அவன் டம்ளரை நான் கழுவி வைப்பேன், வேறு யாருக்கும் தருவதில்லை.

ரீஸ்டார்ட். மறுபடி கறுப்புத் திரை.
இம்முறை வரிகள் விரலுக்குத் தெரிந்திருந்தன.
விண்டோஸில் நுழைந்து அந்த அவசரத் துவக்கத்தின் டிக்கை எடுத்தேன்.
போனால் போ. தூங்கினால் தூங்கு.

மூலையில் கடிகாரம் இரண்டு பத்து என்றது.
லினக்ஸில் நான்கைத் தாண்டியிருந்தது.
சரிபார்க்கப் போனோடு ஜன்னலுக்குப் போனால்
அது ஆற்றைத் தாண்டி அக்கரை டவரைப் பிடித்து
ஐந்து பத்து என்றது. குறட்டை அறுந்தது.
நார்வாவில் இது புதிதல்ல.
வழக்கமாகத் திருத்துவேன்.
இன்று விட்டுவிட்டேன்: யாரோ கடன் தந்த இரண்டு மணி நேரம்,
பொய்யென்று தெரிந்தும் திருப்பித் தர மனமில்லை.

கட்டணம் ஒட்டியாயிற்று.
ஸ்தெபனீதாவுக்கு நாலு யூரோ கூடுதல், அவள் வரத்தான் போகிறாள்.

கம்ப்யூட்டரை அணைக்கவில்லை.
இதை நிரந்தரமாக்க அவன் பாஸ்வேர்டு வேண்டும்.
மானிட்டரில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறேன்:

கவுப்போ, உன் கதவு எண் மாறிவிட்டது.
ஐந்தில் தட்டு.
எட்டு ஜிபி பற்றி வந்ததும் பேசலாம்.